யார் யாரோடு

பாலத்தில் சனம் நிற்கிறது.
கீழே, வெள்ளவத்தைக் கால்வாயின் கொங்கிறீட் விளிம்பில்
இரண்டு கபரகொய்யாக்கள் எழுந்து நிற்கின்றன,
வாலை மூன்றாம் காலாய் ஊன்றி,
மார்போடு மார்பு, கழுத்தின்மேல் கழுத்து.

"கலியாணம் நடக்குது" என்கிறார் நிஸ்தார்,
ஓட்டோவை நடுவீதியில் விட்டுவிட்டு.
டியூசனுக்குப் போகிற பெட்டையள்
கொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு
மற்றக் கையால் வீடியோ எடுக்கிறார்கள்.
மீன் வாங்கி வந்த சோமலதா
"அனே" என்று ஒரே சொல்லை நீட்டி
பையைத் தோள் மாற்றிக்கொள்கிறாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினொரு மாதமாய் இந்தக் கால்வாயை எழுதுகிறேன்:
நேரம், வெயில், நீர்மட்டம், யார் யாரோடு.
இரண்டும் ஆண்.
கண்ணோரம் தழும்புள்ளது பத்து.
வால்நுனி இல்லாதது பதினாலு.
பெயர் வைக்காதே என்றார்கள் விலங்கியல் துறையில்,
வைத்தால் பக்கம் சாய்வாயாம்.
இலக்கத்தின் பக்கமும் சாயலாம் என்று
அவர்களுக்கு யாரும் சொல்லவில்லைப் போலும்.

இது தழுவல் இல்லை.
தழுவலில் உள்ளதெல்லாம் இதிலும் இருக்கிறது:
விரல்கள் முதுகில் பதிவது,
ஒருவர் மூச்சு மற்றவர் தாடையில் படுவது,
யார் முதலில் தளர்வது என்று
உடம்பு உடம்பைக் கேட்பது.
இன்று கடி இல்லை.
சரிக்கவேண்டும், அவ்வளவுதான்.
சரிந்தவர் போய்விடவேண்டும்.

கேள்வி எவளைப் பற்றியதோ அவள்
அக்கரையில், றம்புட்டான் தோல் மிதக்கிற மூலையில்,
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலைக் கிழிக்கிறாள்.
லஞ்ச் ஷீற் வேறு, மீன்தலை வேறு.
ஆறாம் இலக்கம்.
நாலு நிமிடத்தில் ஒருதரம்கூடத்
தலையைத் தூக்கவில்லை.
பார்க்காததற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

மருதானைக்குப் போகிற ரயில் கடலோரம் கத்துகிறது.
பத்து சரிகிறது.
தண்ணீர் அதை மூடி, பச்சையாய் ஒருமுறை ஆடி,
மறந்துவிடுகிறது.
பதினாலு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை வாசிக்கிறது,
நீந்திப் போய் அவள் கழுத்தை மூக்கால் தொடுகிறது.
வாலால் ஒன்று வாங்குகிறது.
"அடப் பாவமே" என்கிறார் நிஸ்தார்.
ஹோர்ன் சத்தத்துக்குச் சனம் கலைகிறது.

அந்தச் சனிக்கிழமை மச்சாளின் கலியாணம்.
மண்டபத்தின் பின்சுவரும் இதே கால்வாயில்தான்.
சீதன பிளாட் யார் பெயரில் என்று
மூன்று மாதம் பேசாமல் இருந்த இரண்டு தகப்பன்மாரும்
கமராவுக்கு முன்னால் கட்டிக்கொண்டார்கள்.
விரல்கள் கோட்டின் முதுகில் பதிந்தன.
படம்பிடிப்பவன் "இன்னொருக்கா" என்றான்.
நான் பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன்:
இருபத்திரண்டு செக்கன்.
மணப்பெண் உடுப்பு மாற்றும் அறையில்
உதட்டுச்சாயம் அழியாமல், பல்லால் மட்டும் கடித்து,
மீன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
"வெளியில என்ன நடக்குது?" என்றாள்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
மற்ற ரோல்ஸை எனக்குத் தந்தாள்.

பன்னிரண்டாம் நாள், பகல் இரண்டு மணி.
பெருமழை விட்டு, பாலத்தில் ஒருவரும் இல்லை.
நகரசபைக் குழாய்க்குப் பின்னால், சேம்பு இலைகளுக்குள்
ஆறாம் இலக்கம் அசையாமல் கிடந்தாள்.
மேலே பத்து.
தோற்றுப் போன பத்து.
தாடையை அவள் தலையில் வைத்து,
வாலை அவள் வாலுக்கடியில் மெல்லச் செருகி.
இந்தமுறை அவள் அடிக்கவில்லை.
பென்சில் நனைந்திருந்தது. அழுத்தி எழுதினேன்.

இப்போது அவள் மண்மேட்டைத் தோண்டுகிறாள்.
எங்கே என்று எனக்குத் தெரியும்.
முட்டையை இட்டு, மூடி, மிதித்து,
திரும்பிப் பாராமல் போய்விடுவாள்;
காவலிருப்பது அவர்கள் வழக்கமில்லை.
அடுத்த மாதம் கால்வாய் துப்புரவாக்க
பெக்கோ வருகிறதாம்.
அறிக்கையின் ஒரு பிரதி நகரசபைக்கும் போகும்.

கூட்டின் இடம் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதுகிறேன்.
பதினொரு மாதத்தில் இந்த ஒன்றுதான் பொய்.
மற்றதெல்லாம் சரி,
வேண்டுமானால் மணிக்கூட்டோடு வந்து பாருங்கள்.